எங்கே உரசுகிறது

நான்கு சேட்டும் இரண்டு காற்சட்டையும் கூரியரில் வந்தன. கப்பல் முகவர் அலுவலகத்தில் கையெழுத்து வைத்துக் கலீலுர் றஹ்மான் பொதியை எடுத்தார். எல்லாம் சாம்பல் நிறம். நெஞ்சில் விரல் நகமளவில் ஓர் ஆமை.

கம்பனி வெளிநாட்டுடையது. மலை ஏறுபவர்களுக்கும் ஊர் சுற்றுபவர்களுக்கும் உடுப்புச் செய்கிறது. தைக்கும் ஆலை கொழும்புக்குப் பக்கத்தில். புதிய துணி கடைக்குப் போகுமுன் வெயிலிலும் மழையிலும் நிற்பவர்கள் அதைப் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். கந்தளாயில் ஒரு வயல்காரருக்குக் கொடுத்திருந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் றஹ்மானுக்கு.

கப்பலைத் துறையில் கட்டிவைக்கும் படகில் அவருக்கு வேலை. கோதுமையோ சீமெந்தோ ஏற்றிய கப்பல் உள்ளே வரும். அது இறக்கும் வடத்தை வாங்கி இறங்குதுறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நிப்றாஸ் படகை ஓட்டுவான். முப்பது வயது. வடத்தைப் பிடிப்பவர் றஹ்மான். ஐம்பத்தெட்டு.

"நானா, ஆமையக் குத்திட்டு வந்திருக்கீங்க. ஏற்கெனவே நம்மட படகு பிந்துது எண்டு கப்டன்மார் ஏசுறானுகள்" என்றான் நிப்றாஸ்.

"நீ வாயப் பொத்திட்டு ஓட்டு."

"எனக்கும் ஒண்டு கேட்டுப் பாருங்களன். நானும் வேர்ப்பன்."

துணிக்குப் பாரமில்லை. கடல்நீர் அடித்தால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்தது. தோள்களுக்குக் கீழே முதுகில் ஒரு மடிப்பு, அதற்குள் வலை. காற்று அதற்குள்ளால் போனது. கொலரை நிமிர்த்தினால் பிடரியில் வெயில் படவில்லை. நாள் முழுக்கப் போட்டாலும் வேர்வை மணம் ஏறவில்லை. காற்சட்டையின் முழங்காலைச் சுற்றி ஸிப் ஓடியது. கழற்றினால் அரைக் காற்சட்டை. அவர் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தொலைபேசி அடித்தது.

"வணக்கம். நான் தர்சிகா, கம்பனி ஆய்வுகூடத்தில இருந்து. உங்களோட கொஞ்சம் கதைக்கலாமா?"

இளம் குரல். அவள் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கேயாவது உரசுகிறதா? கையைத் தூக்கும்போது இழுக்கிறதா? முதுகு சூடாகிறதா? வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் உடம்பு எப்படி இருக்கிறது? களைப்பா? நித்திரை வருகிறதா?

கடைசிக் கேள்வியில் அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"வருது" என்றார்.

"வேற ஏதும் கரைச்சல்?"

அவர் யோசித்தார். "முழங்காலில ஸிப் குத்துது."

"நடக்கேக்கையா?"

"இல்ல மகள். தொழக்குள்ள. சுஜூதுக்குப் போனா முழங்கால் நிலத்தில படும். ஸிப்பும் எலும்பும் ஒரே இடம்."

மறுபக்கத்தில் தட்டெழுதும் ஒலி கேட்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் அங்கிள்?"

அவர் சொன்னார். ஐந்து வேளை, ஒவ்வொரு வேளையிலும் எத்தனை முறை நெற்றி நிலத்தைத் தொடும், படகில் கடமையிலிருந்தால் எங்கே தொழுவார், என்ன விரிப்பார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டாள். எந்த முழங்கால் முதலில் படும் என்று கேட்டாள். அதை அவர் ஒருபோதும் கவனித்ததில்லை. தொலைபேசியைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து நின்று குனிந்து பார்த்தார்.

"வலது" என்றார்.

"இவ்வளவு நாளும் இந்த ஸிப் இருக்கு. ஒருத்தரும் சொல்லேல்ல" என்றாள். "நல்ல வேலை செய்தீங்கள் அங்கிள்."

போனை வைத்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பள்ளியில் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

கிண்ணியாவில் அவருடைய வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் ஜுமானாவின் பிரசவத்துக்கென்று மனைவி நஜ்முன் நிஸா டோஹாவுக்குப் போனாள். விசா முடியவர நீடித்தார்கள். மருமகனுக்கும் மகளுக்கும் வேலை. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். பிள்ளை இப்போது நடக்கிறது.

மஃரிபுக்குப் பிறகு டோஹாவிலிருந்து வீடியோ வரும். நஜ்முன் நிஸா போனை எதிலாவது சாத்தி வைப்பாள். திரையில் பிள்ளை நிற்கும்.

"அப்ரா, மூத்தாப்பாக்கு ஸலாம் சொல்லு. சொல்லு. பாத்தீங்களா, இண்டைக்கு இன்னும் ரெண்டு பல்லு."

"ஓம். பாத்தன்."

"சாப்பிட்டீங்களா?"

"ஓம்."

"சரி, இவளக் குளிப்பாட்டணும்."

அவர் சாப்பிட்டாரா என்பது கேள்வியல்ல. போனை வைக்கப்போகிறாள் என்பதற்கு அடையாளம்.

அடுத்த கிழமை ஸிப் இடம் மாறிய காற்சட்டை வந்தது. முழங்காலுக்கு நான்கு விரல் கீழே. வெள்ளிக்கிழமை தர்சிகா அழைத்தாள். குத்துகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். உரசல்? இல்லை. சூடு? இல்லை. நித்திரை? வருகிறது. வேறு கரைச்சல்? ஒன்றுமில்லை.

"சந்தோசம் அங்கிள். அடுத்த வெள்ளி கதைப்பம்."

அவர் போனைப் பார்த்தார். ஏலம் போட்ட தேத்தண்ணியில் இன்னும் ஆவி பறந்தது. ஊற்றியபோதுதான் அழைப்பு வந்தது.

அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். துணியில் குறை இல்லை. தேடிப் பார்த்தார். தையல்களை விரலால் தடவினார். பொத்தான்களை இழுத்தார். அக்குளை முகர்ந்தார். வெறும் துணியின் மணம்.

மூன்றாம் வெள்ளி அவள் "வேற கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே" என்று தொடங்கிவிட்டாள்.

"கொலர் கொஞ்சம் கடிக்குது" என்றார் றஹ்மான்.

"கடிக்குதோ? எங்க?"

"பிடரியில."

"எப்ப இருந்து? வேர்த்தாப் பிறகா, போட்ட உடனேயா? தோல் சிவக்குதோ? உங்களுக்கு முன்னம் ஏதும் ஒவ்வாமை இருந்ததோ? என்ன சவர்க்காரம் போட்டுத் தோய்க்கிறனீங்கள்?"

அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். உண்மை சொல்லக்கூடிய இடத்தில் உண்மையைச் சொன்னார். சவர்க்காரத்தின் பெயரைக் குசினிக்குப் போய் எடுத்து வாசித்தார். வேர்த்தாப் பிறகுதான் என்றார். படுக்கும்போதும் என்றார். படுக்கும்போது சேட்டுப் போடுவீர்களா என்று கேட்டாள். இல்லை, கடித்த இடம் படுக்கும்போது தெரியும் என்றார்.

"அப்ப நித்திரை?"

"குறைவுதான் மகள்."

அது பொய்யில்லை.

அந்தக் கிழமை அவள் இரண்டு தடவை அழைத்தாள். ஒரு தடவை புதன்கிழமை காலையில், அவர் படகில் இருந்தபோது. கப்பல் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"நானா, வடம் வருது! பிறகு கொஞ்சிக் கொள்ளுங்க" என்று நிப்றாஸ் கத்தினான்.

"வேலையில நிக்கிறீங்கள் போல. பிறகு எடுக்கிறன்" என்றாள் தர்சிகா. எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள், "அங்கிள், கழுத்தை ஒரு படம் எடுத்து அனுப்ப ஏலுமோ? மேல கேக்கினம்."

"அனுப்புறன்."

அன்று மாலை கண்ணாடியில் பிடரியைப் பார்க்க முடியவில்லை. போனில் படமெடுத்துப் பார்த்தார். கறுத்த தோல். சுருக்கங்கள். வேறொன்றும் இல்லை.

அடுத்த நாள் நிப்றாஸ் கடைக்குப் போயிருந்த நேரம், படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்து கப்பலுக்கு வீசும் எறிகயிற்றின் நுனியை எடுத்தார். நைலோன். உப்பேறி முடி முடியாகப் பிரிந்திருந்தது. பிடரியில் வைத்து இழுத்தார். முதல் இழுப்பில் கண்ணில் நீர் வந்தது. நிறுத்தினார். பிறகு மீண்டும் இழுத்தார்.

நிப்றாஸ் வடையுடன் வந்தான்.

"கழுத்தில என்ன நானா? ஆராவது கடிச்சதா? மதினி டோஹாவில. கவனம்."

"கயிறு பட்டிட்டுது."

"கயிறு கையிலதான் படும். உங்களுக்குக் கழுத்தில படுது. நல்ல வேலைக்காரன்."

புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பினார். தர்சிகா உடனே எடுத்தாள். அவளுடைய குரல் மாறியிருந்தது.

"ஐயோ அங்கிள். இவ்வளவுக்கு எண்டு நான் நினைக்கேல்ல. இனி அந்தச் சேட்டுப் போட வேண்டாம். டொக்டரிட்டப் போங்கோ. இண்டைக்கே போங்கோ. காசு கம்பனி குடுக்கும்."

அவர் போகவில்லை. இரவு தேங்காயெண்ணெய் பூசினார். அவள் ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள். திங்கள் அழைத்தாள். எண்ணெய் பூச வேண்டாம், காற்றுப்பட விடுங்கள் என்றாள். என்ன சாப்பிட்டீர்கள் என்றாள். மீன் என்றார். என்ன மீன்? சூரை. காயம் ஆறும்வரை அதைக் கொஞ்சம் விடுங்கள் என்று அம்மா சொல்வார் என்றாள். உங்கள் அம்மா எங்கே என்று கேட்டார். வவுனியாவில். அவள் கொழும்பில் ஓர் அறையில் இருக்கிறாள். கப்பலைத் துறையில் எப்படிக் கட்டுவார்கள் என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார்.

பிறகு இன்னொரு பொதி வந்தது. இரண்டு சேட்டு. ஒன்றின் உள்ளே சிவப்பு நூல், மற்றதில் நீல நூல். ஒவ்வொன்றையும் ஒரு நாள் கொஞ்ச நேரம் மட்டும் போட்டுப் பார்த்து, எது கடிக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடாதாம்.

றஹ்மான் உறையைப் பிரித்தார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. மடிப்புக் குலையாமல் அலுமாரியில் வைத்தார்.

"எது அங்கிள்?" என்று வெள்ளிக்கிழமை கேட்டாள்.

"சிவப்பு" என்றார். சிவப்பு என்று சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

"நீலம்?"

"அது பரவாயில்ல."

"சத்தியமா?"

அவள் இப்படிக் கேட்டதில்லை.

"ஓம் மகள்."

"சரி" என்றாள். மற்றக் கேள்விகளைக் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி அவள் நேரம் பிந்தி எடுத்தாள். கேள்விகளை வேகமாக வாசித்தாள். கடைசியில் அவர்தான் கேட்டார்.

"என்ன மகள், சுகமில்லையா?"

"அப்பிடி ஒண்டுமில்லை." பிறகு சொன்னாள். "சிவப்பு நூல் சேட்டிலதான் பூச்சு இருந்தது. மணம் ஏறாமல் துணிக்குப் போடுற பூச்சு. நீலத்தில இல்லை. நீங்கள் சரியாச் சொல்லிட்டீங்கள்."

"அப்ப?"

"பூச்சை நிப்பாட்டச் சொல்லிட்டினம். துணி முழுக்கத் திரும்புது. அதைத் தெரிஞ்செடுத்தது நான். ரெண்டு வருசம் அதிலதான் நிண்டனான். தோலுக்குப் பிழையில்லை எண்டு எழுதிக் குடுத்ததும் நான்தான். திங்கட்கிழமை விசாரணை."

"உங்களுக்கு என்ன செய்வாங்க?"

"தெரியேல்ல அங்கிள். இருக்க விடமாட்டினம் எண்டு நினைக்கிறன். அதை விடுங்கோ. கழுத்து ஆறிட்டுதோ?"

"ஆறிட்டுது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள். எங்களாலதானே."

அவள் வைத்தாள். றஹ்மான் போனைக் கையில் வைத்திருந்தார். பாங்கு கேட்டது. எழுந்தார். கைகால் கழுவி வுழூச் செய்தார். தொழுதார். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு எத்தனை ரக்அத் தொழுதார் என்று நினைவில்லை. திரும்பவும் தொழுதார்.

வீடியோ வந்தது. பிள்ளை ஒரு கரண்டியைக் காட்டியது. "ஓம், பாத்தன்" என்றார்.

சனிக்கிழமை கப்பல் இல்லை. காலையில் இறங்குதுறைக் கட்டின்மேல் உட்கார்ந்தார். வானம் மழைக்கு இருண்டிருந்தது. எதிரே கப்பலில்லாத மிதவைகள். அவர் ஒருபோதும் அவளை அழைத்ததில்லை. எப்போதும் அவள்தான் எடுப்பாள். அழைத்துச் சொன்னால் பிறகு எடுக்க மாட்டாள். எண்ணைத் தொட்டுவிட்டு நிறுத்தினார். மறுபடியும் தொட்டார்.

"ஹலோ? என்ன அங்கிள், திரும்பக் கூடிட்டுதோ?"

"இல்ல மகள். சேட்டு உரசல்ல."

"இப்ப இல்லைத்தானே. நல்லது."

"எப்பவும் உரசல்ல. கொலர் ஒரு நாளும் கடிக்கல்ல."

"அப்ப அந்தப் படம்?"

"கயிறு."

"என்ன கயிறு?"

"படகில கிடக்கிற கயிறு. நான்தான் தேய்ச்சனான்."

"நீங்களாவோ?"

"ஓம்."

"அப்ப சிவப்பு, நீலம்?"

"ரெண்டையும் நான் போடவேயில்ல. மடிப்பும் குலையாமக் கிடக்குது. அனுப்புறன். பாத்தாத் தெரியும்தானே, போட்டதா போடாததா எண்டு?"

"தெரியும்" என்றாள். மூச்சு விடும் சத்தம் கேட்டது. "ஏன் அங்கிள்?"

அவர் கடலைப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லையெண்டா நீங்க வெச்சிடுறீங்க" என்றார்.

முதல் மழைத்துளிகள் கட்டின்மேல் விழுந்தன.

"எனக்கு நாலு நாளா நித்திரை இல்லை" என்றாள் தர்சிகா. "அம்மாவுக்குச் சொல்லேல்ல. சாப்பிடேல்ல. என்ர கணக்கில எங்க பிழை எண்டு திரும்பத் திரும்பப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"பிழை இல்ல மகள்."

"மகள் எண்டு சொல்லாதேங்கோ."

பிறகு அவள் வேலைக் குரலில் பேசினாள். இதை மேலே சொல்ல வேண்டும். காரணத்தையும் கேட்பார்கள். சொல்லுங்கள் என்றார். திங்கட்கிழமை அவர்கள் அழைத்தால் இதையே திருப்பிச் சொல்வீர்களா? சொல்வேன் என்றார்.

"உங்கட பேரில இருக்கிற எல்லாத்தையும் எடுத்துப் போடுவினம். ஒரு பொய் இருந்தா மிச்சத்தையும் பாவிக்க ஏலாது. அந்த ஸிப்பையும்."

"ஸிப் உண்மை."

"எனக்குத் தெரியும்."

"வேற ஆரையாவது தொழுது பாக்கச் சொல்லுங்க. ஒரே தரத்தில தெரிஞ்சிடும்."

"கேட்டுப் பாக்கிறன்." அதில் உறுதி இல்லை. "எல்லா உடுப்பையும் ஒரு பெட்டியில போட்டு அனுப்புங்கோ. தோய்க்க வேண்டாம்."

"சரி."

"வைக்கிறன்."

மழை பலத்தது. அவர் எழுந்திருக்கவில்லை. சாம்பல் சேட்டுத்தான் போட்டிருந்தார். நீர் அதில் மணிகளாக நின்று உருண்டு விழுந்தது.

திங்கட்கிழமை ஓர் ஆண் அழைத்தார். ஆங்கிலம் கலந்து பேசினார். றஹ்மான் அதையே திருப்பிச் சொன்னார். காரணத்தைக் கேட்டபோது, தனியே இருப்பவர் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார். தர்சிகா இருக்கிறாளா என்று கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றார் அந்த ஆண். பிறகு, "நாளைக்கு வேலைக்கு வருவா" என்றார்.

பெட்டியைக் கூரியரில் போட்டார். நான்கு சேட்டு, சிவப்பு, நீலம், மூன்று காற்சட்டை. பொதி கட்டியவள் உள்ளே என்ன என்று கேட்டாள். உடுப்பு என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை சீமெந்துக் கப்பல் வந்தது. மழையும் வந்தது. பழைய பருத்திச் சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியது. தோளில் பாரமாகத் தொங்கியது. வடத்தை வாங்க எழுந்தபோது இழுத்தது.

"ஆமை எங்க நானா?"

"திருப்பி அனுப்பிட்டன்."

"ஏன்? நல்லாத்தானே கிடந்தது."

"ஓம். நல்ல துணி."

நிப்றாஸ் அவரை ஒரு தரம் பார்த்தான். பிறகு சுக்கானைத் திருப்பினான். கப்பலின் மேலிருந்து யாரோ கத்தினார்கள். அஸர் நேரம் போய்க்கொண்டிருந்தது. றஹ்மான் சட்டைப்பையில் இருந்த போனைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மஃரிப் முடிந்திருந்தது. சேட்டைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார். வீடியோ இன்னும் வரவில்லை. அவரே அழைத்தார்.

நஜ்முன் நிஸாவின் முகம் மிகக் கிட்டத்தில் தெரிந்தது. பயந்திருந்தாள்.

"என்ன? என்னவும் நடந்ததா?"

"இல்ல."

"அப்ப ஏன் எடுத்தீங்க? இருங்க, பிள்ளையக் காட்டுறன். அப்ரா, இங்க வா..."

"பிள்ளையக் கொஞ்சம் அங்கால வை" என்றார். "நான் ஒண்டு சொல்லணும்."

அவள் போனைச் சாத்தி வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். பின்னால் பிள்ளை எதையோ தட்டியது.

"சொல்லுங்க."

அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நோவு இல்லை. காய்ச்சல் இல்லை. கழுத்து ஆறிவிட்டது. அவள் காத்திருந்தாள்.

"மழையில சேட்டு நனைஞ்சிட்டுது. இன்னும் காயல்ல."

"என்ன? கேக்கல்ல."

"சேட்டு ஈரம் எண்டன்."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "அதோடையா இருக்கீங்க? வேற சேட்டு இல்லையா?"

"இருக்கு."

"எங்க? காட்டுங்க."

அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். போனைத் திருப்பிப் பிடித்தார்.

"மேல் தட்டு" என்றாள் நஜ்முன் நிஸா. "அதில்ல. அதுக்குக் கீழ. என்ன இப்பிடிச் சுருட்டி வெச்சிருக்கீங்க? அந்தக் கோடு போட்ட சேட்டு எப்ப கிழிஞ்சது?"

"போன வருசம்" என்றார். "வடத்தில பட்டது."

"எந்த இடத்தில? இன்னும் கிட்டக் காட்டுங்க."

அவர் சேட்டை விரித்துக் கிழிசலுக்கு நேரே போனைக் கொண்டுபோனார்.